எல்லாம் பச்சையாக இருக்கிறது

(கீரமங்கலத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என் பேச்சுக்கு "கணினிக் கட்டமைப்புக் கண்காணிப்பில் தகவல் பலகைகள்" என்று தலைப்பு அச்சடித்திருக்கிறார்கள். அதைப் படித்த பிறகும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். கீரமங்கலத்திலும், சேந்தன்குடி, கொத்தமங்கலம், வடகாடு பக்கமும் பல வீடுகளில் ஒரு பிள்ளை சென்னையிலோ பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறது. அவர்களில் ஒரு பகுதியினர் புரோகிராம் எழுதுகிறவர்கள் இல்லை. இரவு ஷிப்டில் ஒரு பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அவர்கள் வேலை. "ராத்திரி முழுக்க அப்படி என்னதான்டா பார்ப்பே?" என்று கேட்ட அம்மாக்கள் இந்த அரங்கில் இருப்பார்கள். அந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்லப் பார்க்கிறேன்.

கணினியைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவையுங்கள். மோட்டார் கொட்டகைக்குப் போவோம். சுவரில் ஒரு பலகை. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று சின்ன விளக்குகள். பக்கத்தில் ஒரு வோல்ட் மீட்டர், ஓர் ஆம்ஸ் மீட்டர், கீழே ஸ்டார்ட்டர். மூன்று விளக்கும் எரிந்தால் த்ரீ பேஸ் கரண்ட் வந்துவிட்டது. ஆனால் விவரம் தெரிந்த விவசாயி விளக்கைப் பார்த்த கையோடு வீட்டுக்குத் திரும்புவதில்லை. மோட்டாரைப் போட்டுவிட்டு ஆம்ஸ் மீட்டரைப் பார்ப்பார். முள் வழக்கமான இடத்துக்குக் கீழேயே நின்றால் மோட்டார் சும்மா சுற்றுகிறது, தண்ணீரைத் தூக்கவில்லை என்று அவருக்குத் தெரியும். அதிலும் திருப்தி வராவிட்டால் குழாய் வாய்க்கே போய்ப் பார்ப்பார். கரண்ட் வந்ததா, மோட்டார் ஓடுகிறதா, தண்ணீர் விழுகிறதா என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். முதல் இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்து, மூன்றாவதற்கு இல்லை என்று வர முடியும். தென்னங்கன்றுக்கு மூன்றாவது கேள்வி மட்டும்தான் கேள்வி.

டேட்டா சென்டரில் ஆயிரக்கணக்கான சர்வர்கள் இருக்கின்றன. அங்கேயும் இதே மூன்றுதான். சர்வர் உயிரோடு இருக்கிறதா? அதில் புரோகிராம் ஓடுகிறதா? அந்தப் பக்கம் ஒருவர் பணம் அனுப்பப் பொத்தானை அழுத்தினாரே, அவருக்குப் பணம் போய்ச் சேர்ந்ததா? கடையில் வாங்கிப் போட்ட கண்காணிப்பு மென்பொருள் முதல் இரண்டு கேள்விக்கும் தானாகவே பதில் சொல்லிவிடும். பிராசஸர் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது, நினைவகம் எவ்வளவு மிச்சம், டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று அழகழகாக வட்டங்களும் கோடுகளும் வரையும். மூன்றாவது கேள்வியை அந்த மென்பொருளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதை அந்தந்த நிறுவனம் தானே உட்கார்ந்து யோசித்துப் பலகையில் ஏற்ற வேண்டும். டாஷ்போர்டை, அதாவது இந்தத் தகவல் பலகையை, நமக்கேற்ப அமைத்துக்கொள்வது என்று சொல்வதன் முழு அர்த்தமும் இதுதான். நிறத்தை மாற்றுவதும், கம்பெனி சின்னத்தை மூலையில் ஒட்டுவதும் இதில் சேராது. பல இடங்களில் அதோடு வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள் என்பது வேறு கதை.

இந்தக் கண்காணிப்புப் பலகை எங்கிருந்து தொடங்கியது என்று சொல்கிறேன். 1994-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டோபி ஓட்டிகர் என்ற இளைஞர் வேலை பார்த்தார். வெளியுலகத்தோடு இணைக்க அங்கே இருந்தது ஒரே ஒரு 64 கிலோபிட் லைன். இன்று உங்கள் கையில் இருக்கும் போனில் ஒரு குட்மார்னிங் படம் இறங்குவதற்குள் அந்த லைன் திணறிப்போகும். இணையம் மெதுவாக வருகிறது என்று எல்லோருக்கும் குறை. லைன் நிரம்பியிருக்கிறதா, வேறு கோளாறா? ஓட்டிகர் ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த லைனில் போன தரவை அளந்து, படமாக வரைந்து, எல்லோரும் பார்க்கும்படி ஒரு வலைப்பக்கத்தில் போட்டது அது. 1995-இல் எம்ஆர்டிஜி என்ற பெயரில் வெளியிட்டார். உலகம் முழுக்க நெட்வொர்க் பார்க்கிறவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். 1999-இல் ஈத்தன் கால்ஸ்டாட் எழுதிய மென்பொருள் பிறகு நாகியோஸ் ஆயிற்று. லாட்வியாவிலிருந்து ஜாபிக்ஸ் வந்தது. 2012-இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் புரோமீதியஸ் பிறந்தது. 2014-இல் ஸ்வீடனைச் சேர்ந்த டொர்கல் ஓடகார்ட் கிராஃபானாவை வெளியிட்டார். இன்று இரவு ஷிப்டில் உங்கள் பிள்ளை பார்க்கும் திரை பெரும்பாலும் கிராஃபானாவாகவோ அதன் உறவுக்காரனாகவோ இருக்கும்.

நம் ஆட்களும் இந்த வரிசையில் உண்டு. ஜோஹோவை எல்லோருக்கும் தெரியும். 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் அது தொடங்கியபோது மின்னஞ்சலும் விற்கவில்லை, கணக்கு மென்பொருளும் விற்கவில்லை. நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்கும் மென்பொருளைச் செய்து, அந்தக் கருவி செய்யும் கம்பெனிகளுக்கே விற்றது. 2001 வாக்கில் அமெரிக்காவில் டாட்காம் குமிழி உடைந்து அந்த வாடிக்கையாளர்களே காணாமல் போனபோது, மேனேஜ்எஞ்சின் என்ற பெயரில் நேராக நிறுவனங்களுக்கே விற்கத் தொடங்கியது. 2011-இல் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. எங்கோ ஒரு நாட்டின் அலுவலகத்தில் ரூட்டர் நின்றுபோனால் சிவக்கிற கட்டத்தைத் தமிழ்நாட்டில் உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள். இதை நான் பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. முன்வரிசையில் பிளஸ் டூ மாணவர்கள் இருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

சரி, பலகை வந்துவிட்டது. அது உண்மை சொல்கிறதா?

ஓட்டிகரின் எம்ஆர்டிஜி நான்கு படங்கள் வரையும். நாள் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் ஐந்து நிமிடச் சராசரி. வாரப் படத்தில் அரைமணிச் சராசரி. மாதப் படத்தில் இரண்டு மணி நேரம். ஆண்டுப் படத்தில் ஒரு முழு நாளுக்கு ஒரே புள்ளி. பழைய தரவை முழுதாக வைத்துக்கொண்டால் டிஸ்க் தாங்காது என்பதால் செய்த ஏற்பாடு, குறை சொல்ல முடியாது. விளைவை மட்டும் பாருங்கள். பிளஸ் டூ ரிசல்ட் வரும் காலை. மாநிலம் முழுக்க ஒரே நேரத்தில் பதிவெண்ணைத் தட்டுகிறார்கள். பத்து நிமிடம் சர்வர் மூச்சுத் திணறுகிறது. பக்கம் திறக்கவில்லை, வீட்டில் அழுகை. மதியத்துக்குள் கூட்டம் கலைந்துவிடும். அடுத்த ஆண்டு திட்டமிடும்போது அதிகாரி ஆண்டுப் படத்தைத் திறந்தால் அந்த நாள் மற்ற நாட்களைவிடக் கொஞ்சம் உயர்ந்த ஒரு மேடாக மட்டும் தெரியும். "சமாளித்துவிட்டோமே" என்று சொல்லிவிட்டுப் போவார். படம் பொய் சொல்லவில்லை. அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றித் தப்பான படத்திடம் கேட்டிருக்கிறார்.

சராசரியின் இன்னொரு விஷமம். நூறு பேர் ஒரு பக்கத்தைத் திறக்கிறார்கள் என்று வையுங்கள். 99 பேருக்கு 0.2 நொடியில் திறந்துவிட்டது. ஒருவருக்கு 20 நொடி. சராசரி எவ்வளவு? 0.4 நொடிகூட இல்லை. பலகையில் பச்சைதான் எரியும். அந்த நூறாவது ஆள் இருபது நொடி உட்கார்ந்திருந்தது எங்கேயும் பதிவாகாது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் சராசரியை நம்பாமல், வரிசையாக நிற்க வைத்து 99-ஆவது ஆளுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று, அவருக்கும் பின்னால் நிற்பவருக்கு எவ்வளவு ஆயிற்று என்று கேட்பார்கள். கடைசியில் நிற்கும் அந்த ஆள்தான் பெரும்பாலும் உங்கள் பெரிய வாடிக்கையாளராக இருப்பார். அவர் கணக்கில்தான் பதிவுகள் அதிகம், அதனால்தான் அவருக்குத் தாமதம்.

நல்ல படம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு வேடிக்கையான கதை இருக்கிறது. 2008 கடைசியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பிரெண்டன் கிரெக் என்ற பொறியாளர் டிஸ்க்குகள் அடுக்கிய பெட்டிக்கு முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்தினார். கோபத்தில் இல்லை, சோதனைக்கு. டிஸ்க்குகள் ஒவ்வொரு வேலைக்கும் எடுத்துக்கொள்ளும் நேரம் பக்கத்துத் திரையில் புள்ளிகளாக விழுந்துகொண்டிருந்தது. அவர் கத்திய நேரத்தில் சில புள்ளிகள் மட்டும் கூட்டத்தை விட்டு உயரே தெறித்தன. குரலின் அதிர்வு உள்ளே சுழலும் தட்டை அசைத்து, எழுதுவதைத் தாமதமாக்கியிருக்கிறது. சராசரிக் கோடு மட்டும் வரைந்திருந்தால் அது பெரிதாக அசைந்திருக்காது. ஒவ்வொரு வேலையையும் தனிப் புள்ளியாகப் போட்டதால் மனிதன் போட்ட சத்தம்கூடக் கண்ணில் பட்டது. அந்த வீடியோ இணையத்தில் இருக்கிறது. இளைஞர்கள் பாருங்கள், ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம்.

இப்போது சிரிக்க முடியாத கதை ஒன்று. கணினித் துறைக்கு வெளியே நடந்தது. பலகை அமைக்கிற எவரும் இதைத் தெரிந்துகொள்ளாமல் வேலையைத் தொடக்கூடாது என்பது என் அபிப்பிராயம்.

1979 மார்ச் 28, விடிகாலை நான்கு மணி. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம், இரண்டாவது உலை. ஒரு பம்ப் நின்றதில் தொடங்கி, உலைக்குள் அழுத்தம் ஏறி, அதைத் தணிக்க ஒரு வால்வு திறந்தது. அதுவரை எல்லாம் சரி. அழுத்தம் இறங்கியதும் அது மூடியிருக்க வேண்டும். மூடவில்லை, சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறைப் பலகையில் அந்த வால்வுக்கு ஒரு விளக்கு உண்டு. அது அணைந்தது. விளக்கு அணைந்ததால் வால்வு மூடிவிட்டது என்று அங்கிருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த விளக்கைக் கட்டியவர்கள் வால்வோடு அதை இணைக்கவில்லை. "மூடு" என்ற கட்டளை போயிற்றா என்பதை மட்டும்தான் அது காட்டியது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் உலையைக் குளிர்விக்கும் நீர் திறந்த வால்வு வழியாகப் போய்க்கொண்டே இருந்தது. உலையின் மையத்தில் ஏறத்தாழப் பாதி உருகிற்று.

அதே நேரத்தில் அறையில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் சில நிமிடங்களிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் அலறின. எது முக்கியம், எது முக்கியமில்லை என்று பிரிக்க எந்த ஏற்பாடும் இல்லை. எச்சரிக்கைகளை அச்சடிக்கும் இயந்திரம் பின்தங்கி, எப்போதோ நடந்ததை அடித்துக்கொண்டிருந்தது. அங்கே இருந்தவர்களை முட்டாள்கள் என்று நினைக்காதீர்கள். கண் முன்னால் ஒரு விளக்கு தவறான விஷயத்தைச் சொல்கிறது, காதில் நூறு மணி அடிக்கிறது. யாராக இருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும். இதற்குப் பிறகு அமெரிக்க அணுசக்திக் கட்டுப்பாட்டு அமைப்பு இரண்டு மாற்றங்களைக் கட்டாயமாக்கியது. வால்வு திறந்திருக்கிறதா என்பதை வால்விடமே கேட்டுக் காட்ட வேண்டும். அதோடு, நெருக்கடியில் பார்க்க வேண்டிய சில அளவுகளை மட்டும் ஒரே திரையில் திரட்டித் தர வேண்டும். அந்த இரண்டாவது உத்தரவில் இன்றைய டாஷ்போர்டின் முன்னோர் ஒருவரை நான் பார்க்கிறேன்.

நம் ஊரிலும் இப்போது சிம் கார்டு போட்ட மொபைல் ஸ்டார்ட்டர் வந்துவிட்டது. சந்தையில் நின்றுகொண்டே போன் அடித்தால் தோட்டத்தில் மோட்டார் ஓடும், "மோட்டார் ஆன்" என்று செய்தியும் வரும். அந்தச் செய்தி எதைப் பார்த்துச் சொல்கிறது என்று கேட்டு வாங்குங்கள். கட்டளை வந்து சேர்ந்ததைப் பார்த்தா, மோட்டார் இழுக்கும் கரண்டை அளந்தா? தண்ணீரைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. பென்சில்வேனியாவின் வால்வு விளக்கும் இதே குடும்பம்தான்.

உயர்ந்து நிற்கும் சிவன் சிலைக்கு நேர் எதிரே நக்கீரரை நிறுத்தி வைத்திருக்கும் ஊர் இது. எதிரே நிற்பவர் யாரென்று பார்க்காமல் குற்றத்தைச் சொன்னவர் அவர். கண்காணிப்புப் பலகையிடமும் நான் எதிர்பார்ப்பது அதைத்தான். நடைமுறையில், மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்றால் எந்தக் கட்டம் சிவந்து அசிங்கமாக இருக்கிறதோ அதன் எல்லையைக் கொஞ்சம் ஏற்றிவைத்துவிடுகிறார்கள். அறுபது சதவீதத்தில் சிவக்க வேண்டியது எண்பதில் சிவக்கும். திரை முழுக்கப் பச்சை. எல்லோருக்கும் தேநீர்.

அடுத்து, இன்னொரு விபத்து. இது கணினி உலகத்திலேயே நடந்தது. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவையில் ஒரு பொறியாளர் தட்டிய கட்டளையில் ஒரு பிழை. நீக்க நினைத்ததைவிட அதிக சர்வர்கள் நீங்கின. ஏறத்தாழ நான்கு மணி நேரம் அமெரிக்காவின் பல வலைத்தளங்கள் படுத்துவிட்டன. எங்கே என்ன கோளாறு என்று வாடிக்கையாளர்கள் பார்ப்பதற்காக அமேசானுக்கு ஒரு நிலைப்பலகை உண்டு. அதை முதல் இரண்டு மணி நேரம் புதுப்பிக்க முடியவில்லை. காரணம், அந்தப் பலகையை இயக்கும் பகுதியே எஸ்3-ஐ நம்பித்தான் இருந்தது. சேவை கிடக்கிறது, பலகை "எல்லாம் நலம்" என்கிறது. கடைசியில் ட்விட்டரில் அறிவித்தார்கள். இதை அமேசானே தன் விளக்க அறிக்கையில் எழுதியிருக்கிறது, ஒளிக்கவில்லை. கண்காணிக்கிறவர் கண்காணிக்கப்படுகிற வீட்டிலேயே குடியிருக்கக் கூடாது என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். செலவு மிச்சமாகும் என்று பார்த்தால் எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

இதைச் சொல்லும்போது இந்த அரங்கில் இருப்பவர்களுக்கு 2018 நவம்பர் 16 நினைவுக்கு வராமல் இருக்காது. கஜா புயல் அந்த அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறி நம் மேல் நடந்து போனது. தென்னை போயிற்று, பலா போயிற்று, மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பல நாள் கரண்ட் இல்லை. ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்துத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினோம். போனும் இல்லை. அந்த மாதிரி ஒரு ராத்திரி செல்போன் கம்பெனியின் கண்காணிப்பு அறையில் எப்படித் தெரியும் என்பதை விளக்குகிறேன். டவரில் கரண்ட் போனதும் "மின்சாரம் இல்லை, பேட்டரியில் ஓடுகிறேன்" என்று டவரே செய்தி அனுப்பும். பிறகு பேட்டரி வோல்டேஜ் இறங்குவதைச் சொல்லும். டீசல் இருந்தால் ஜெனரேட்டர் ஓடுவதைச் சொல்லும். அதன் பிறகு எதுவும் சொல்லாது. அந்த மௌனத்தைப் பலகையில் எந்த நிறத்தில் போடுவது?

இது சின்ன விஷயமாகத் தோன்றும். இந்தத் தொழிலின் மிகக் கடினமான கேள்வி இதுதான் என்பேன். தரவு வரவில்லை என்றால் கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும் பலகைகள் உண்டு. அதில் செத்த டவர் உயிரோடு இருப்பதாகவே தெரியும். சில பலகைகள் பூஜ்யம் போடும். பிழைகளை எண்ணும் கட்டத்தில் பூஜ்யம் என்றால் பிரமாதமான செய்தி அல்லவா, அதனால் பச்சை எரியும். சில பலகைகள் எல்லாவற்றையும் சிவப்பாக்கும். புதுக்கோட்டைக்குப் போகும் ஃபைபர் ஓர் இடத்தில் அறுந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் அத்தனை டவரும் சிவக்கும். எதற்கு ஆளை அனுப்புவது? நாகியோஸ் இதை ஆரம்பத்திலேயே யோசித்தது. எந்தக் கருவிக்கு எது வழி என்று சொல்லி வைத்திருந்தால், "விழுந்துவிட்டது" என்பதையும் "எனக்கு எட்டவில்லை" என்பதையும் அது வேறு வேறாகக் காட்டும். எட்டவில்லை என்று ஒப்புக்கொள்கிற பலகைதான் புயல் ராத்திரியில் உதவும். லாரியில் கம்பம் ஏற்றி எந்தத் திசைக்கு அனுப்புவது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

ஆகவே, பலகை அமைக்கப் போகிற இளைஞர்களுக்கு என் வேண்டுகோள், ஒவ்வொரு எண்ணுக்குக் கீழேயும் அது எப்போது வந்தது என்று நேரத்தைப் போடுங்கள். தரவு நின்றால் சாம்பல் நிறமாக்குங்கள். நிறத்தோடு நிறுத்தாமல் எழுத்திலும் சொல்லுங்கள். ஆண்கள் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது, அவர்களும் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறார்கள்.

யார் பார்க்கப் போகிறார்கள் என்பது அடுத்தது. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு முதலமைச்சருக்கென்று ஒரு தகவல் பலகை தொடங்கியது. அணைகளின் நீர்மட்டம், மழை அளவு, திட்டங்களின் நிலை எல்லாம் ஒரே திரையில். முதலமைச்சர் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு அது சரி. அதே திரையை அணையில் ஷட்டர் திறக்கும் ஊழியரிடம் கொடுத்தால் அவருக்கு என்ன பயன்? அவருக்கு அவருடைய அணை, அவருடைய ஷட்டர், அடுத்த மூன்று மணி நேரம். கம்பெனிகளில் இந்த வித்தியாசம் மறந்துபோகிறது. மேலாளருக்கு மாதக் கணக்கு வேண்டும். பொறியாளருக்கு எந்த சர்வர், எந்த நொடி என்று தோண்டிப் பார்க்க வேண்டும். ஷிப்டில் இருப்பவருக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும்: இப்போது நான் யாரையாவது எழுப்ப வேண்டுமா? மூவருக்கும் சேர்த்து நாற்பது கட்டம் வைத்த ஒரே திரையைத் தொங்கவிடுகிறார்கள். பார்வையாளர்கள் வந்தால் போட்டோ எடுக்க நன்றாக இருக்கும். கோளாறு வந்த இரவில் அந்தத் திரையை யாரும் பார்ப்பதில்லை. ஷிப்ட் ஆள் தன் லேப்டாப்பில் தானே செய்துவைத்த ஒரு சின்னப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறார். அந்தச் சின்னப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள் என்று மேலாளர்களிடம் எப்போதும் சொல்வேன். கம்பெனி செலவு செய்து வாங்கியிருக்க வேண்டிய பலகை அதில்தான் இருக்கும்.

எத்தனை கட்டம் வைக்கலாம் என்று கேட்பார்கள். கூகுள் பொறியாளர்கள் 2016-இல் வெளியிட்ட நூலில் நான்கு அளவுகளைச் சொன்னார்கள். பதில் வர எவ்வளவு நேரம், எவ்வளவு பேர் வருகிறார்கள், எத்தனை பேருக்குப் பிழை, எவ்வளவு நிரம்பிவிட்டது. இந்த நான்கும் பெரும்பாலான இடங்களுக்குப் போதும். அதற்கு மேல் வைக்கிற ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும், இது சிவந்தால் யாருக்குப் போன் செய்ய வேண்டும், அவர் என்ன செய்வார் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். அந்த வரியை எழுத முடியாத கட்டத்தை எடுத்துவிடுங்கள். எடுக்க மனம் வராது, ஏனென்றால் பார்க்க அழகாக இருக்கும்.

கிராஃபானா, புரோமீதியஸ் இரண்டையும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்து லேபில் தூசி படிந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று போதும், ஒரு சனிக்கிழமை போதும். முதலில் காகிதத்தில் வரையுங்கள். லேபில் இணையம் வருகிறதா என்பதையே முதல் கட்டமாக வையுங்கள். ரூட்டரில் விளக்கு எரிகிறதா என்று பார்க்காமல், ஒரு பக்கத்தை உண்மையில் திறந்து பார்த்து எத்தனை நொடி ஆயிற்று என்று அளந்து போடுங்கள். அது சிவந்தால் யாரிடம் போய்ச் சொல்வீர்கள் என்பதை ஆசிரியரோடு பேசி முடிவு செய்துவிட்டு இரண்டாவது கட்டத்துக்குப் போங்கள்.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. கேள்விகள் இருந்தால் கேட்கலாம். தூண் பக்கத்தில் நிற்கும் தம்பி, நீங்கள்தான் முதலில் கை தூக்கினீர்கள், கேளுங்கள்.